ஐயக் கிளவியும் தடுப்புக் காவலும்

அறிவு ஒரு பொருளின்மேற் சென்று, அஃது இன்னது எனத் துணியாமல் இரண்டன் இடையே நிற்கும் நிலையை ஐயம் என்பர். ஐயம் அறியாமையன்று, தெளிவுமன்று. அறியாதவன் பேசாதிருக்கலாம்; தெளிந்தவன் தெளிந்தவாறு பேசலாம். இரண்டிற்கும் நடுவே நிற்பவன் எவ்வாறு பேசுதல் முறை என்பதே வினா. தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இவ்வினாவிற்கு விடை வகுத்துள்ளார். இந்நூற்றாண்டில் உலகின் அரசுகள் பல இதே நடுநிலையில் நின்று பேசுகின்றன. வன்செயலுக்குத் திட்டமிட்டான் என ஒருவனைப் பற்றி ஐயம் எழுகின்றது. குற்றம் இன்னது எனச் சாற்றுதற்குச் சான்று போதாது, விட்டுவிடுதற்கும் அச்சம். ஆகவே, குற்றம் சாற்றாமலே அவனைக் காவலில் வைக்கின்றனர். அவ்வாறு வைப்பதற்கு ஆண்ட சொற்களையும், அச்சொற்களுக்கு நீதிமன்றங்கள் கண்ட உரைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சட்டநூற் புலமை இதற்கு உரியதன்று. சொல்லும் பொருளும் பற்றிய ஆராய்ச்சி என்ற அளவிலேயே இதனைக் கொள்க.

கிளவியாக்கம் ஐயத்தை இரு வகையாகக் காண்கின்றது. முன்னையது, திணை தெரிந்து பால் தெரியாத ஐயம். தோன்றுவது மாந்தர் என்பது தெரிகின்றது. ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ என்பது தெரியவில்லை. அவ்விடத்துப் பன்மையாற் கூறுக என்பது விதி. பின்னையது திணையே தெரியாத ஐயம். இருள் படும் பொழுதில் தொலைவில் ஒன்று நிற்கின்றது. நட்ட கட்டையோ, மகனோ தெரியவில்லை. அவ்விடத்து உருவு, வடிவு என்றாற் போன்ற பொதுச்சொல்லாற் கூறுக என்பது விதி. கட்டை, மகன் என்னும் இரண்டனையும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாக ஆண்டமை தமிழ் பயின்றார் அனைவரும் அறிந்ததே.

இவ்விதிகளில் இரு கூறுகள் உற்றுநோக்கத் தக்கன. ஐயுற்றவன் தெரியாத பகுதிக்குத் தன் விருப்பம்போல் ஒரு பெயரிடக் கூடாது; இரண்டனையும் தழுவும் விரிந்த சொல்லையே ஆளவேண்டும் என்பது ஒன்று. தெரிந்த பகுதியைக் கைவிடலாகாது என்பது மற்றொன்று. பால் ஐயத்தில் திணை தெரிந்தது ஆதலின், உயர்திணைச் சொல்லே வரவேண்டும். ஆணோ பெண்ணோ என்று தெரியவில்லை என்பதற்காக, அங்குத் தோன்றுவாரை அஃறிணையாற் கூறிவிட இலக்கணம் இடந்தரவில்லை.

ஐயத்திற்கு உள்ளான மனிதன் ஒருவன் காவல் நிலையத்தில் நிற்கும்போது தெரிந்தது எது, தெரியாதது எது? அவன் குற்றம் புரிந்தானா என்பது தெரியாது; அவன் மனிதன் என்பது தெரியும். பாலில் ஐயம், திணையில் ஐயமில்லை. உரிமை என்பது திணையைப் பற்றி நிற்பது. தண்டனை பாலைப் பற்றி நிற்பது. இவ்விரண்டனையும் மயக்குவதே, விசாரணையின்றி நெடுங்காலம் சிறை வைக்கும் சட்டங்களின் அடிப்பிழை என்பது என் கருத்து. இலக்கணம் சொல்லுக்கு வரம்பு கூறுவது. அரசியலுக்கு வரம்பு கூறுவதன்று என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு ஏற்புடையதே, சட்டம் சொல்லால் இயலாதாயின். ஆனால் சட்டமோ முழுவதும் சொல்லால் இயல்வது. ஒரு வினைமுற்றின் வேறுபாடு ஒருவனைச் சிறைக்கு உள்ளேயோ வெளியேயோ நிறுத்தவல்லது. அதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில், பாதுகாப்பு ஒழுங்குவிதிகளுள் 18பி என்னும் விதி உள்நாட்டுச் செயலாளருக்கு ஆட்களைக் காவலில் வைக்கும் அதிகாரம் தந்தது. ஒருவன் பகைவரோடு தொடர்புடையவன் என 'நம்புதற்குத் தக்க காரணம் உண்டாயின்' அவனைக் காவலில் வைக்கலாம் என்பது விதியின் கருத்து. அவ்வாறு வைக்கப்பட்ட இராபர்ட்டு லிவர்சிட்சு என்பார், உள்நாட்டுச் செயலாளர் சர் சான் ஆண்டர்சன் மேல் வழக்குத் தொடுத்து, அக்காரணம் யாது என வினவினார். 1941 நவம்பரில் பிரபுக்கள் அவையின் நீதிபதியர் ஐவருள் நால்வர் அவர்க்கு எதிராகத் தீர்ப்புரைத்தனர். தக்க காரணம் உண்டு எனச் செயலாளர் நேர்மையாகக் கருதினாற் போதும்; நீதிமன்றம் அக்காரணத்தை ஆராயவேண்டுவதில்லை என்பது அவர்தம் உரை.

உரை மரபில் தோய்ந்தார்க்கு இங்கு நிகழ்ந்தது யாது என்பது உடனே புலப்படும். 'உண்டாயின்' என்பதனை 'உண்டு எனக் கருதுவாராயின்' என வருவித்து உரைத்துள்ளனர். சொல்லெச்சம் வருவித்தல் நம் உரையாசிரியர்க்கும் வழக்கமே. ஆயினும், வருவியாவிடின் பொருள் முடியாத இடத்தன்றி வருவித்தலை நல்ல உரையாசிரியர் மேற்கொள்ளார். இங்கோ தொடர் தானே முடிந்து நிற்கின்றது. 'எனக் கருதுதல்' என்னும் சிறு சேர்க்கை, உலகில் உள்ளதொரு பொருளை ஒருவர் மனத்தில் உள்ளதொரு பொருளாக மாற்றிவிடுகின்றது. மனத்தில் உள்ளதனை எவர் சென்று அளப்பர்?

ஐந்தாமவராகிய ஆட்கின் பிரபு தனித்து நின்று மறுத்தார். அவர் மறுப்பு ஒரு மொழிநூற் புலவரின் மறுப்பு என்றே கொள்ளத்தகும். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்துள்ளது என்பதும், முறிந்துள்ளதாக அவன் நினைக்கின்றான் என்பதும் ஒன்றாகா என எளிய உவமையால் விளக்கினார். சிறுவர்க்கென லூயி கரோல் எழுதிய கதையொன்றில், தான் சொல்லும் சொல் தான் விரும்பும் பொருளையே தரும் என இறுமாந்து கூறும் முட்டை வடிவினன் ஒருவன் வருவான். பெரும்பான்மையோர் உரைக்கு நிகராகத் தாம் அறிந்தது அதுவொன்றே என்றும் குறிப்பிட்டார். உடன் நீதிபதியர் சினந்தனர் என்பர். சினத்தற்குக் காரணம் இருந்தது. நகைச்சுவை மெய்யைத் தொட்டுவிட்டது.

இவ்விதிக்குப் பாட வேறுபாடும் உண்டு என்பது பலர் கருதாத செய்தி. 1939இல் முதற்கண் வெளிவந்த பாடத்தில், செயலாளர் 'மனநிறைவு கொண்டால்' என்றிருந்தது. மக்களவையில் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னரே 'நம்புதற்குத் தக்க காரணம் உண்டாயின்' எனத் திருத்தினர். ஒரு பாடத்தை நீக்கி மற்றொன்றை அமைத்தனர் எனின், இரண்டற்கும் பொருள் வேறு என்பது பெறப்படும். நால்வர் உரையோ திருத்திய பாடத்திற்குப் பழைய பாடத்தின் பொருளையே மீண்டும் கொணர்ந்து சேர்த்தது. ஏட்டுச் சுவடி பதிப்பிக்கும் மாணவன் இதனைச் செய்திருப்பின் ஆசிரியர் கண்டித்திருப்பர். பிற்காலத்தில், 1979இல், அதே அவையில் டிப்ளாக் பிரபு ஆட்கினே சரியாக உரைத்தார் என்றும், பெரும்பான்மையோர் அக்கால நெருக்கடியால் பிழைபட்டனர் என்றும் ஒப்புக்கொண்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். இங்கிலாந்தின் மக்களவை 1939இல் வேண்டாவென ஒதுக்கிய 'மனநிறைவு' என்னும் பாடமே 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவற் சட்டத்தில் இடம்பெற்றது. பின்வந்த காவற் சட்டங்களும் அதனையே ஆண்டன. மனநிறைவு என்பது தமிழில் நல்ல உணவுக்குப் பின்னும் நல்ல நூலுக்குப் பின்னும் சொல்லத்தக்க சொல். ஒருவனைச் சிறையில் இடுவோர் கொள்ளும் மனநிலைக்கு அது பெயராயிற்று. மொழிபெயர்ப்பின் விளைவே இஃது எனினும், உள்ளுறையாக ஓர் உண்மையையும் அது சுட்டாமலில்லை.

அச்சட்டம் 1950 பிப்ரவரியில் நிறைவேறியது. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னையில் சிறைப்பட்டிருந்து தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் அவ்வாண்டு மே 19ஆம் நாள் தீர்ப்பளித்தது. உரிமையைப் பறிக்கும் நெறிமுறை சட்டத்தால் நிறுவப்பட்டிருந்தாற் போதும். அது நேரியதா என நீதிமன்றம் ஆராயாது என்பது பெரும்பான்மையோர் முடிபு. பசல் அலி அவர்களின் மறுப்புரை அன்று எடுபடவில்லை. 1978இல் மேனகா காந்தி வழக்கிலேயே நெறிமுறை நேரியதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது. ஒரு நற்செயல் மட்டும் 1950லேயே நிகழ்ந்தது. காவலில் வைத்ததற்குரிய காரணங்களை நீதிமன்றத்தாரிடம் வெளியிடுதலே குற்றம் எனக் கூறிய 14ஆம் பிரிவை நீதிபதியர் ஒருமித்து நீக்கினர். காரணம் உண்டு, ஆயின் அதனை நீதிமன்றத்தில் சொல்லலாகாது என்றொரு சட்டம் இயற்றத் துணிந்தமையே வியப்பு. அதனினும் பெரிய வியப்பு, தடுப்புக் காவலைப் பற்றிய விதி நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்னும் இயலுக்குள்ளேயே இடம்பெற்றிருப்பது. நூல் யாக்கும் முறையில் இதனை இயைபின்மை என்பதா, அன்றி உண்மை ஒளியாமை என்பதா என்பதில் அறிஞர் வேறுபடலாம்.

1976 ஏப்ரல் 28ஆம் நாள் வழங்கப்பட்ட சபல்பூர்த் தீர்ப்பை அதன் உவமைகளுக்காகவே ஒருமுறை படிக்கவேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டோர், தம் காவல் சட்டத்திற்கு ஒவ்வாதது என நீதிமன்றத்தை நாடும் உரிமை உடையரோ என்பது வழக்கு. உயர்நீதிமன்றங்கள் ஒன்பது, உடையர் என்றன. உச்சநீதிமன்றத்து ஐவருள் நால்வர், இலர் என்றனர். அந்நால்வருள் ஒருவராகிய பேகு, சிறைப்பட்டோர்மாட்டு அரசு காட்டும் பரிவு ஏறத்தாழத் தாய்மைப் பரிவு என்னுங் கருத்துப்பட எழுதினார். மற்றொருவராகிய சந்திரசூடு, கொடுமைகள் நிகழா என்னும் தம் நம்பிக்கையை வைரத்திற்கு ஒப்பிட்டார். உவமை பொருளை விளக்குதற்கு வருவது. இங்கோ, காணவேண்டிய பொருளை மறைத்தற்கு வந்தது. கதவு அடைத்த அறைக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை அறியும் வழியைத் தாமே மூடிவிட்டு, உள்ளே தாய் இருக்கின்றாள் எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும்? மறுத்துரைத்த கன்னா அவர்களின் உரைநடையில் இத்தகைய அணிகள் மிகுதியில்லை. உயிர் பறிக்கப்படினும் நீதிமன்றம் வாளாவிருக்க வேண்டுமோ என அவர் கேட்ட வினாவுக்கு, அரசு வழக்கறிஞர் ஆமென விடையிறுக்க நேர்ந்தது. வினாவின் எளிமையே அதன் ஆற்றல். 1977 சனவரியில் அவரைக் கடந்து வேறொருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார். அத்தீர்ப்பு 2017இல் புட்டசாமி வழக்கில் வெளிப்படையாகத் தள்ளப்பட்டது.

தாய்மை உவமைக்குத் தமிழில் ஒரு நிழல் உண்டு. காவல் என்னும் நம் சொல் காத்தலையும் குறிக்கும்; அடைத்தலையும் குறிக்கும். காவலன் என்றால் மன்னன். மணிமேகலையில், உதயகுமரன் வேறொருவன் வாளால் மாண்டபின், கொலையிற் பங்கில்லாத மணிமேகலையை மன்னன் காவலில் வைக்கச் செய்கின்றான். சாத்தனார் அக்காதைக்குச் சிறைசெய் காதை என்றே பெயரிட்டார். இச்சொல்லின் இரு பொருளையும் ஒன்றாக்கிப் பேசுதல் ஆள்வோர்க்கு எளிது. புலவர் அவ்வாறு பேசவில்லை. சிறையைச் சிறை என்றார். அதே காப்பியத்தில் அதற்கு முன்னரே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறியதும் நினைக்கத்தக்கது.

ஆயினும், ஐயத்தைப் பற்றிய தமிழ் நூல்களுள் சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதைக்கு ஒப்பது பிறிதில்லை. பாண்டியன் ஆராயாது கொன்றான் என்பது பொதுவாக வழங்கும் குற்றச்சாட்டு. காப்பியத்தை ஊன்றிப் படிப்பின், இளங்கோவடிகள் அவ்வளவு எளிதாக அவனைக் காட்டவில்லை என்பது தெரியவரும். சிலம்பு கையகத்து இருப்பின் என்னும் நிபந்தனையை மன்னன் தன் ஆணையிலேயே வைக்கின்றான். அஃதாவது, ஆராய்க என்றே கூறுகின்றான். பிழை எங்கு நேர்ந்தது? அந்நிபந்தனைத் தொடருக்குள்ளேயே கள்வன் என்னும் சொல் வந்துவிடுகின்றது. ஆராய்ந்தபின் இடவேண்டிய பெயர் ஆராயுமுன் இடப்பட்டது. உருவு என்னவேண்டிய இடத்துக் கட்டை என்றுவிட்டான். கொல்ல என எண்ணியவன் கொன்று என வாய்சோர்ந்தான் என்னும் உரைமரபு பலரால் எடுத்துக் காட்டப்பெறுவது. எனக்கோ அவ்வினையெச்ச மயக்கத்தினும் இப்பெயர்ச்சொல்லே பெரும்பிழையாகத் தோன்றுகின்றது. கள்வன் எனப் பெயரிட்டபின் எச்சம் எதுவாயினும் முடிபு ஒன்றே.

அடுத்து, அந்நிபந்தனையை ஆராயும் பொறுப்பு எவரிடம் சென்றது? குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனிடமே சென்றது. காவலரை அழைத்துச் செல்பவனும் அவன். சிலம்பைக் காட்டுபவனும் அவன். சான்று இன்னது எனக் கற்பிப்பவனும் அவன். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்கு உரியதன்று என ஐயுறுகின்றனர். அதாவது, அவர்களிடம் ஐயம் சரியான முறையில் வேலை செய்கின்றது. பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் துணைகள் எட்டினை விரித்துரைக்கின்றான். இப்பேச்சின் தருக்கம் நுணுகி நோக்கத்தக்கது. சான்று இல்லையே என்றால், மருந்தாலும் மந்திரத்தாலும் சான்று மறைந்தது என்பான். குற்றமற்றவன்போல் தோன்றுகின்றானே என்றால், அத்தோற்றமே கள்வனின் தொழில்திறம் என்பான். எதுவும் அவன் கூற்றைப் பொய்யாக்க இயலாது. பொய்யாக்க இயலாத கூற்று மெய்யும் ஆகாது என்பதை அக்காவலர் உணரவில்லை. இளங்காவலன் ஒருவன் தான் முன்பு தப்பவிட்ட கள்வன் ஒருவனின் கதையைக் கூறி, கோட்டைவிட்டால் மன்னன் நம்மை ஒறுப்பான் என அஞ்சுகின்றான். அச்சமும் சேர்ந்தது. பின்னர்க் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். தெரியாதவன் அல்லன், ஐயுறத் தெரியாதவன்.

இக்காலத்து ஒற்றுச் செய்திகளின் அடிப்படையில் ஆட்களைக் காவலில் வைக்கும் முறைமைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை மிகைப்படுத்தல் வேண்டா. பொற்கொல்லன் பொய்யன், ஒற்றர் அனைவரும் பொய்யரல்லர். எனினும், சாட்டுபவனே ஆராய்பவனாக இருக்கும் அமைப்பு இரண்டிற்கும் பொது. வள்ளுவர் ஒற்றாடலை வெறுத்தவரல்லர். அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒப்புநோக்குக என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் தெளிக என்றும் அவர் வரம்பிட்டார். இம்முறையில் ஒரு சொல் மதுரையில் ஒத்துநோக்கப்பட்டிருப்பின், அரசியின் சிலம்பில் முத்தும், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தமை கோவலன் உயிரோடிருக்கும்போதே வெளிப்பட்டிருக்கும். வழக்குரை காதையில் அச்சோதனைக்குச் சென்றது சில நொடிப்பொழுதே.

அரசின் பக்கம் நின்று பேசுவார்க்கும் உரிய இடம் தருதல் வேண்டும். 2005 சூலை 7ஆம் நாள் இலண்டன் மாநகரில் குண்டுவெடிப்பால் 52 பேர் மாண்டனர். 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதலால் மாண்டோர் 166 பேர். இவ்வுயிர்களை எண்ணாது உரிமையைப் பற்றி எழுதுவது எழுத்தன்று. நிகழ்ந்த குற்றத்தை ஆராய்வது வேறு; நிகழவிருக்கும் கொலையைத் தடுப்பது வேறு. பின்னதில் சான்று முழுமை பெறும்வரை காத்திருப்பின், சான்று பிணங்களாகவே வந்துசேரும். இங்கிலாந்தில் 2005இல் குற்றம் சாற்றாமல் தொண்ணூறு நாள் வைத்திருக்க அரசு இசைவு கேட்டபோது, கணிப்பொறிகளில் மறைத்த செய்திகளை வெளிக்கொணர்தற்கும், அயல்நாடுகளில் உசாவுதற்கும் காலம் வேண்டும் என்றனர். அது பொய்க்காரணம் அன்று. மக்களவை 322க்கு 291 என்னும் வாக்கில் அதனை மறுத்து, 28 நாள் எனத் தீர்மானித்தது. 2008இல் 42 நாள் எனக் கேட்டதனைப் பிரபுக்கள் அவை 309க்கு 118 என்னும் வாக்கில் ஒதுக்கியது. 2011இல் வரம்பு 14 நாளாகக் குறைந்தது. நாளெண்ணிக்கையை இங்ஙனம் வெளிப்படையாக எண்ணிப் போராடியதே அந்நாட்டு மன்றங்களின் பெருமை. ஐயத்திற்குக் கால எல்லை வேண்டும் என்பதை எவரும் அங்கு மறுக்கவில்லை. எத்தனை நாள் என்பதே வழக்காயிற்று.

இவ்விவாதங்கள் அனைத்திலும் வரும் உவமை ஒன்று உண்டு. அது துலாக்கோல். ஒரு தட்டில் உரிமை, மறு தட்டில் பாதுகாப்பு. இரண்டனையும் சமன் செய்க என்பர். உவமையை ஆராயாது ஏற்கும் பழக்கம் அறிஞரிடமும் உண்டு ஆதலின், இதனைச் சற்று நிறுத்திப் பார்த்தல் நலம். துலாக்கோலில் ஒரே வணிகனின் பொருளும் எடைக்கல்லுமே ஏறும். இங்கோ ஒரு தட்டில் ஏறும் பாதுகாப்பு பலர்க்கு உரியது. மறு தட்டில் ஏறும் உரிமை சிலர்க்கே உரியது. கோலைப் பிடிப்பவர் முன்னவருள் ஒருவர். பெல்மார்சு வழக்கு இதனை வெளிப்படுத்தியது. 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஐயத்திற்குரிய அயல்நாட்டினரை மட்டும் எல்லையின்றிக் காவலில் வைக்க இடந்தந்தது. அதே ஐயத்திற்குரிய உள்நாட்டினர் வெளியே இருந்தனர். 2004 திசம்பர் 16ஆம் நாள் நீதிபதியர் ஒன்பதின்மருள் எண்மர் அதனை மனித உரிமைக்கு ஒவ்வாதது என்றனர். நாட்டின் உயிருக்கு உண்மை ஊறு இத்தகைய சட்டங்களிலிருந்தே வருகின்றது என்னுங் கருத்தினை ஆப்மன் பிரபு அத்தீர்ப்பிற் கூறினார். இக்கூற்றில் சிறிது மிகை உண்டு எனக் கருதுகின்றேன். குண்டு வெடிப்பில் மகனை இழந்த தாய்க்கு முன் நின்று இதனைச் சொல்லுதல் எளிதன்று. எனினும் தட்டில் ஏற்றப்பட்டவர் யாவர் என்பதை அவ்வழக்கு காட்டிவிட்டது.

வள்ளுவரும் துலாக்கோலை ஆண்டுள்ளார். ஆயின் அவர்க்கு அது சான்றோருக்கு உவமை. ஒரு பக்கமும் சாயாத நடுவுநிலைமைக்கு உவமை. அவர் எந்த அறத்தையும் தட்டில் வைக்கவில்லை. கோல் எடை போடும். கோலையே தட்டில் வைத்து எடை போடுதல் இயலாது. விசாரணை என்பது கோல் ஆகும். அதனைப் பாதுகாப்புக்கு எதிராக மறு தட்டில் ஏற்றியபின் எதைக்கொண்டு எடை காண்பது?

மீண்டும் பெயரிடுதலுக்கு வருவோம். இலங்கையில் 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒருவர் சட்டமாறான செயலோடு தொடர்புடையவர் என அமைச்சர் 'நம்புதற்கோ ஐயுறுதற்கோ' காரணம் இருப்பின் காவலில் வைக்க இடந்தந்தது. நம்பிக்கையும் ஐயமும் ஒரே இடைச்சொல்லால் இணைக்கப்பட்டுச் சமமாயின. மும்மூன்று திங்களாகப் பதினெட்டுத் திங்கள் வரை அக்காவல் நீளலாம். 2022இல் அது பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. தமிழர் பலர் இச்சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் தொடர் அச்சட்டத்தின் பெயரிலேயே உண்டு. மூன்றாண்டுக்கென வந்தது, 1982இல் நிலையானதாக்கப்பட்டது. பெயரில் இருந்த தற்காலிகம் மட்டும் நீக்கப்படவில்லை. ஆகுபெயர், இடுகுறிப்பெயர் எனப் பெயர்வகை கூறும் நாம் இதனை எவ்வகையுள் அடக்குவோம்?

நம் நாட்டின் 1967ஆம் ஆண்டுச் சட்டமாறான செயல்கள் தடுப்புச் சட்டம் முதலில் அமைப்புகளையே பெயரிட்டுத் தடுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், வழக்கு முடியுமுன்னரே, ஒரு தனிமனிதனையும் நான்காம் அட்டவணையில் பயங்கரவாதி எனப் பெயரிட்டு அறிவிக்க அரசுக்கு இடமுண்டு. கள்வன் கையதாயின் என்னும் மன்னன் ஆணையின் தொடரமைப்பே இது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக் காவற் சட்டம் பயங்கரவாதம் பற்றியதன்று. ஆயினும் மக்கள் வழக்கில் அது குண்டர் சட்டம். எவன்மேல் அச்சட்டம் பாய்கின்றதோ அவன், விசாரணை எதுவும் இன்றியே, சட்டத்தின் பெயராலேயே குண்டன் ஆகிவிடுகின்றான். இதற்கு மறுதலையாக, நெருக்கடி நிலையில் சிறைப்பட்டோர்க்கு மிசா என்பதே பட்டமாகி, பெயர்முன் அடையாகவும் நின்றது. இழிவும் சிறப்பும் மக்கள் தருவன. இரண்டும் தீர்ப்பின்றி வந்தன என்பதே ஒப்புமை.

2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மற்றொரு தொடர் அமைந்தது. பொதுவான குற்றவழக்குகளில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிடின் பிணையில் வெளிவரும் உரிமை உண்டு. இச்சட்டத்தின்கீழ் அஃது 180 நாள் வரை நீளலாம். குற்றச்சாட்டு 'முதற்றோற்றத்தில் உண்மை' என நம்புதற்குத் தக்க காரணம் உண்டு என நீதிமன்றம் கருதின், பிணையும் கிடையாது. முதற்றோற்றத்தில் உண்மை என்னும் இத்தொடரை மாணவர்கள் ஒருமுறை பகுத்துப் பார்த்தல் வேண்டும். தோற்றம் என்பது ஐயத்தின் சொல்; இருளில் தெரியும் உருவின் சொல். உண்மை என்பது தெளிவின் சொல். இரண்டும் ஒன்றையொன்று அடுத்து நிற்கும்போது, முன்னது பின்னதனை ஐயமாக மென்மைப்படுத்தவில்லை. பின்னது முன்னதனைத் தெளிவாக உயர்த்திவிடுகின்றது. 2021 பிப்ரவரியில் நசீபு வழக்கில், ஐந்தாண்டுக்கு மேலாக வழக்கு முடியாது சிறையிருந்தவர்க்குப் பிணை வழங்கியதைச் சரியெனக் கொண்டு, காலநீட்சி எல்லை கடக்குமாயின் இத்தடை தளரும் என உச்சநீதிமன்றம் உரைத்தது. தொடர் திருந்தவில்லை, அதன் கடுமை ஓரளவு தணிந்தது.

ஐயம் தீர்ந்தபின் என்ன என்பதற்கும் கிளவியாக்கம் விதி கூறுகின்றது. அதனை அன்மைக் கிளவி என்பர். கட்டையோ மகனோ என ஐயுற்றவன் அணுகிச் சென்று மகன் எனக் கண்டால், கட்டை அல்லன், மகன் என்பான். மறுப்புச் சொல்லாகிய அல்லன் என்பது, மறுக்கப்பட்ட கட்டையின் ஈற்றைப் பெறாமல், உண்மையாகக் கண்ட மகனின் ஈற்றைப் பெறுகின்றது. இன்னதன்று என மறுக்கும் சொல்லிலேயே அவனுக்கு உரிய உயர்திணை ஈறு திரும்ப வந்துவிடுகின்றது.

சட்டத்தில் இதற்கு நிகரான சொல் இல்லை. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொலையுண்ட வழக்கில், தனி நீதிமன்றம் 1998 சனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே திங்களில் உச்சநீதிமன்றம், தடாச் சட்டக் குற்றங்கள் அவர்கள்மேல் நிலைபெறவில்லை எனக் கண்டு, அவருள் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதற்குள் அவர்கள் ஏறத்தாழ ஏழெட்டாண்டு சிறையில் கழித்திருந்தனர். அவர்கள் குற்றம் சாற்றப்பட்டவர்கள் ஆதலின் அவர்க்குத் தீர்ப்பு என ஒன்றேனும் கிடைத்தது. தடுப்புக் காவலிலிருந்து வெளிவருவோர்க்கு அதுவும் இல்லை. காவலாணை நீக்கப்பட்டது, அல்லது காலம் முடிந்தது என்றே ஏட்டில் எழுதப்படும். அவர் இன்னவர் அல்லர் என எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.